அரை பாட்டரி ஐயாவு

புக்கிட் செராய் ரப்பர் தோட்டத்தில் ஐயாவு என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். மாடு வைத்திருந்தவர் மாட்டு ஐயாவு. கோயிலில் உடுக்கை அடிக்கிறவர் உடுக்கை ஐயாவு. மூன்றாமவர்தான் நம் ஆள். பால்மரம் வெட்டுகிறவர், மூன்றாவது லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. அரை பாட்டரி ஐயாவு என்று சொன்னால் ஆயர் தாவார் டவுன் வரைக்கும் தெரியும்.

எல்லாம் அவருடைய அவசரத்தால் வந்தது. மனிதருக்குக் காத்திருக்கத் தெரியாது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவராம். பாகான் டத்தோவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பலகாரத் தட்டு வரும் முன்பே, "பொண்ணு புடிச்சிருக்கு, நாள் பாருங்க" என்று சொல்லிவிட்டார். பெண் இன்னும் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அதைக் கருப்பம்மாள் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவாள். காப்பித் தண்ணியைக் கொதிக்கும் முன்பே இறக்கிவிடுவார். மரம் வெட்டினால் பால் சொட்டி முடிய வேண்டாமா? மற்றவர்கள் வெட்டி முடித்து, பசியாறி, வெற்றிலை போட்டு, நாலு ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் பால் எடுக்கப் போவார்கள். ஐயாவு பாதிக் கோப்பையிலேயே எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் பால் நிறுக்கும் ஸ்டோரில் வந்து நிற்பார். அவர் போன பிறகும் மரம் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டாத நாள் கிடையாது.

ஆனால் யார் வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும், யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், முதலில் வந்து நிற்கிற சைக்கிள் அவருடையதுதான். அதனால் தோட்டத்தில் அவரைத் திட்டாதவர்களும் இல்லை, பிடிக்காதவர்களும் இல்லை.

1979-ஆம் வருடம் சித்தியவானில் யாரோ விற்ற பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவியை, அது ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல், சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். நல்லவேளை, ஓடியது. தோட்டத்து இஞ்சின் பொழுது சாய்ந்தபின் மூன்று மணி நேரம்தான் உறுமும். அதில் வீட்டுக்கு ஒரு பல்பு எரியும். அதற்கு மேல் எதையாவது செருகினால் லயமே இருட்டாகிவிடும். ஆகவே டிவி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கார் பாட்டரியில்தான் ஓட்டினார்கள். பாட்டரி இறங்கினால் ஆயர் தாவாரில் சீன முதலாளி லிங் தவுக்கே கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அங்கே கிடந்தால்தான் முழுதாக ஏறும். இன்றைக்குப் போட்டுவிட்டு நாளைக்குப் போய் எடுப்பதுதான் ஊர் வழக்கம்.

ஐயாவு மத்தியானம் பன்னிரண்டுக்குப் போடுவார். எதிர்க்கடையில் ஒரு கோப்பி குடிப்பார். குடித்ததும் தவுக்கே முன்னால் வந்து நிற்பார்.

"சுடா?"

தவுக்கே நிமிராமலேயே தலையாட்டுவார். "பெலும் பெனோ லா. துங்கு."

ஆச்சா என்று கேட்டதற்கு, இன்னும் நிறையவில்லை, பொறு என்கிறார். துங்கு என்ற அந்த ஒரு மலாய்ச் சொல்லைக் கேட்டாலே ஐயாவுக்கு உள்ளங்கால் அரிக்கும். கடை வாசலில் நாலு தடவை நடப்பார். இரண்டரை மணிக்குள் பாட்டரியைக் கழற்றி வாங்கிக் கேரியரில் கட்டிவிடுவார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும் தவுக்கே" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மிதிப்பார்.

அது ஓடுகிற வரைக்கும்தான் ஓடியது. பாட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். மற்ற வீடுகளில் கண்ணாடி நிறையத் தெரிகிற படம், ஐயாவு வீட்டில் ஆரம்பிக்கும்போதே உள்ளங்கை அகலம். இடைவேளைக்குள் தீப்பெட்டி அளவு. கடைசிச் சண்டை நடக்கும்போது கதாநாயகன் யார், வில்லன் யார் என்று பக்கத்து வீட்டு நல்லம்மாள் கேட்பாள். "அடிக்கிறவன் நம்மாளு" என்பார் ஐயாவு.

அவருடைய மூத்த மகள் செல்லாயி அந்தச் சுருங்கிய படத்தைப் பார்த்தே வளர்ந்தாள். டிவி என்றால், பெரிய கறுப்புக் கண்ணாடிக்கு நடுவில் துளியூண்டு வெளிச்சம் தெரிகிற சாமான் என்றுதான் நினைத்திருந்தாள். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி சம்மணம் போட்டு உட்காருவாள். அதுதான் அவள் இடம்.

1981-இல் செல்லாயி ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மொத்தம் அறுபத்து மூன்று பிள்ளைகள். மாவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் போனால் ஓட்டத்தில் கடைசி, கயிறு இழுப்பதற்கு ஆளே போதாது. கோப்பை வைக்கவென்று செய்த கண்ணாடி அலமாரியில் சாக்குக்கட்டிப் பெட்டிகள் இருந்தன. அது கௌரி டீச்சரின் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஈப்போவில் ரயில்வே உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரரின் மகள் அவர். எதிலும் முதலாக வந்தே பழகிய வீடு.

அந்த ஜூன் மாதம் ஈப்போவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பேராக் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிவி கேம் போட்டி. பள்ளிக்கு ஒரு மாணவர். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. ஓர் ஆள் போதும் என்கிற போட்டி உலகத்தில் இருக்கிறதே! அடுத்த வாரமே தன் தம்பியிடமிருந்து ஒரு டிவி கேம் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். டார்ச் லைட் பாட்டரி போட்டு டிவியில் செருகினால், திரையின் இடது ஓரம் ஒரு வெள்ளைக் கோடு, வலது ஓரம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் சதுரமாய் ஒரு பந்து. ஆளுக்கு வயர் வைத்த ஒரு திருகு குமிழ். திருகினால் கோடு மேலும் கீழும் போகும். பந்தைத் தடுக்க வேண்டும், விட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. முதலில் பதினைந்து எடுப்பவர் ஜெயித்தவர். அவ்வளவுதான் விளையாட்டு.

"விளையாட்டுப் பெட்டி கிடக்கு. டிவிக்கு எங்க போறது?" என்று டீச்சர் பள்ளிக்கூட வேலியோரம் தலைமையாசிரியரிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்ல வெச்சுக்கலாம் டீச்சர்! டிவி இருக்கு, பாட்டரி இருக்கு, என்னா கஷ்டம்?"

அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஐயாவு, நிறுத்தாமலேயே பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் கருப்பம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? பத்துப் புள்ளைங்க வந்தா காலு கழுவத் தண்ணி யாரு தூக்குறது?"

"நீ வேணாம்னு சொல்லிருவ. அதான் கேக்கல."

ஆக, மத்தியானம் பள்ளி விட்டதும் ஐயாவு வீடு போட்டிக்களம் ஆனது. எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கௌரி டீச்சர்தான் விதிகளைச் சொன்னார். விளையாடிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தவர் எட்டுப் பேரிடமும் தோற்றார். அதற்குப் பிறகு புள்ளி எழுதுவதோடு நிறுத்திக்கொண்டார். மற்றப் பிள்ளைகள் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். செல்லாயிக்கு அதுதானே வீடு? தம்பியை எதிரில் உட்காரவைத்துப் பாட்டரி உயிர் விடும் வரைக்கும் விளையாடுவாள். படம் தீப்பெட்டி அளவுக்கு வந்த பிறகும், அந்தத் தீப்பெட்டிக்குள் கடுகு மாதிரி ஓடுகிற பந்தை அவள் ஒன்றுகூட விடவில்லை. ஜூலை முடிவதற்குள் அவளை ஜெயிக்கத் தோட்டத்தில் ஆள் இல்லை. வாரப் படம்தான் பாவம், பேர் போடும்போதே அணைந்துபோனது. நல்லம்மாள் குடும்பத்தோடு வேறு வீட்டுக்குப் படம் பார்க்கப் போக ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் இன்னொரு காகிதத்தோடு வந்தார். செல்லாயியை இடைநிலைப் பள்ளியில் சேர்ப்பதற்கான பாரம்.

"ஐயாவு, இதில ஒரு கையெழுத்து வைக்க வேணும். பிள்ளை கெட்டிக்காரி. சித்தியவான் பள்ளியில இடம் கிடைக்கும். முதல் வருசம் ரிமூவ் வகுப்பு, பிறகு படிவம் ஒண்டு முதல் அஞ்சு வரை."

"ரிமூவ்னா?"

"மலாய் பழகிறதுக்கு ஒரு வருசம்."

ஐயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு முடித்தால் ஏழு இல்லையா? நடுவில் ஒரு வருடம் சும்மா நிற்க வேண்டுமா? அது மட்டுமா? தோட்டத்துப் பாதையில் இரண்டு மைல் போனால்தான் பெரிய ரோடு. பள்ளி பஸ் ஆறு மணிக்கும் வரும், ஆறரைக்கும் வரும். பொம்பளைப் பிள்ளையை இருட்டோடு கூட்டிக்கொண்டு போய், பஸ் வருகிற வரைக்கும் கூட நிற்க வேண்டும். மத்தியானம் மறுபடி போய் நிற்க வேண்டும். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஆறு வருடம்.

"யாரு டீச்சர் ரோட்ல நின்னுக்கிட்டு கெடக்குறது? பொம்பளப் புள்ள ஆறு படிச்சாப் போதும் லா."

செல்லாயி டிவிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தாள். அவளுடைய தகரப் பெட்டிக்குள், நல்லம்மாளின் மகள் போட்டுக் கழித்த நீல நிறப் பள்ளிச் சட்டை ஒன்று ஏற்கனவே மடித்து இருந்தது. கருப்பம்மாளுக்குத் தெரியும், ஐயாவுக்குத் தெரியாது. டீச்சர் விடுகிறவராக இல்லை. பேசிக்கொண்டே போனார். நல்லம்மாள் வேறு வாசலில் வந்து நின்றுகொண்டு, "அனுப்புங்கண்ணே" என்றாள். பேச்சு நீளுவது ஐயாவுக்கு ஆகாத காரியம். எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

"சரி! இவ ஈப்போவுக்குப் போயி கப்போட வரட்டும். மறுநாளே கையெழுத்துப் போடுறேன். கப்பு இல்லாம வந்தா இந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. என்னா?"

"சரிப்பா" என்றாள் செல்லாயி, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால். அவளும் அவர் மகள்தானே.

ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை போட்டி. பெற்றோரில் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பதால் ஐயாவு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். ஈப்போ போகிற வரைக்கும் பஸ் டிரைவரை விரட்டிக்கொண்டே போனார். டீச்சர் வேறு யாரோ மாதிரி சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்தில் பதினாறு பள்ளிகள். கீழே நாலு மேசையில் நாலு சின்ன டிவி. மேடையில் மட்டும் மரப்பெட்டி வைத்த இருபத்தாறு அங்குல டிவி ஒன்று, துணி போர்த்தி வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டம் அதில்தானாம். முதல் ஆட்டம் முடிந்து செல்லாயி ஓடி வந்தாள். பதினைந்துக்கு ஒன்பது, ஜெயித்திருந்தாள். ஆனால் முகம் தெளிவாக இல்லை.

"இங்க படம் பெருசா இருக்குப்பா."

"பெருசா இருந்தா நல்லாத் தெரியும்ல? போ, போ."

இரண்டாவது ஆட்டம் பதினைந்துக்குப் பன்னிரண்டு. மூன்றாவது பதினைந்துக்குப் பதினாலு. ஜெயிக்க ஜெயிக்க அவள் தடுமாறிக்கொண்டே போனாள். டீச்சருக்குக் காரணம் புரியவில்லை, பிள்ளைக்குப் பயம் என்று நினைத்து இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஐயாவுக்கும் புரியவில்லை. அவருக்கு வேறு கவலை. மகள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். இது எங்கே போய் நிற்கப் போகிறது? நிஜமாகவே கோப்பையைத் தூக்கிவிடுவாளோ? இரண்டு மைல், ஆறு வருடம், பஸ்!

மேடையில் துணியை எடுத்தார்கள். எதிராளி ஈப்போ டவுன் பள்ளி மாணவன், பெயர் ராஜு. கண்ணாடி போட்டிருந்தான். அசாம்பாய் என்ற புளிப்பு வற்றல் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். செல்லாயி வழக்கப்படி நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டு, மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆரம்பித்ததுதான் தெரியும். நாலுக்குப் பூஜ்யம். ஏழுக்கு ஒன்று. பத்துக்கு மூன்று. எல்லாம் ராஜுவுக்கு. ஐயாவுக்கு நிம்மதி வந்தது. தோற்றாலும் இரண்டாம் இடம், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. நாலு மணி பஸ்ஸையும் பிடித்துவிடலாம். ரோட்டோரம் நிற்கிற வேலையும் இல்லை. நல்லபடியாக முடிகிறது என்று அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மகளின் தலையைக் கவனித்தார். அது இடதுக்கும் வலதுக்கும் திரும்பித் திரும்பிக் கொண்டிருந்தது, பூப்பந்து மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களின் தலை மாதிரி. வீட்டில் இந்தத் தலை அசையவே அசையாதே? சட்டென்று அவருக்கு விளங்கிவிட்டது. அவள் இருப்பது அந்தப் பெரிய கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி. ஒரு ஓரத்துக் கோட்டைப் பார்த்தால் மற்ற ஓரத்துப் பந்து அவள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முழுப் படம் அவளுக்குப் பழக்கமில்லை. உள்ளங்கை அகலத்துக்கும் தீப்பெட்டி அளவுக்கும்தான் பழகியிருக்கிறாள். அப்படிப் பழக்கியது யார்? கோப்பி குடித்து முடித்ததும் பாட்டரியைக் கழற்றிக்கொண்டு ஓடி வருகிற மகானுபாவன் யார்?

மண்டபத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். டீச்சருக்குத் தெரியாது, நடுவருக்குத் தெரியாது, பிள்ளைக்கே தெரியாது. இன்னும் ஐந்து நிமிடம் அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் போதும், கேட்டது கிடைத்துவிடும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை காத்திருந்தால் லாபம் என்று ஒரு சந்தர்ப்பம் வந்தது.

ஐயாவுக்குத்தான் காத்திருக்கத் தெரியாதே.

"ஏ புள்ள செல்லாயி! பின்னாடி தள்ளி உக்காரு! இது நம்ம வீட்டு டிவி இல்ல! தள்ளி உக்காரு!"

நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நடுவர் விசில் ஊதினார். பார்வையாளர் குறுக்கிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி என்று விதி இருந்தது. "பதினொண்ணுக்கு மூணு" என்று அறிவித்துவிட்டு, "அண்ணே, இன்னொரு தடவ கத்துனா வெளிய அனுப்பிருவேன்" என்றார். கௌரி டீச்சர் ஐயாவின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

ஆனால் செல்லாயிக்குக் கேட்டுவிட்டது. அவள் எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். குமிழின் வயர் விறைத்துக்கொண்டு நிற்கிற வரைக்கும் இழுத்தாள். உட்கார்ந்து ஒரு தடவை திரையைப் பார்த்தாள். முழு மைதானமும் ஒரே பார்வையில் தெரிந்தது போலும். தோள் இறங்கியது, தலை அசையாமல் நின்றது. அதற்குப் பிறகு மூன்றாவது லயத்துச் செல்லாயி விளையாடினாள். பதினொன்றுக்கு ஆறு. பன்னிரண்டுக்குப் பத்து. ராஜு வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பதினாலுக்குப் பதின்மூன்று. பதினாலுக்குப் பதினாலு! டீச்சர் எழுந்து நின்று ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னார். ஐயாவு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்து மூலையில் பட்டுத் திரும்பி வந்தது. செல்லாயி திருகினாள். நகக்கண் அளவுதான் இருக்கும், கோட்டுக்கு மேலே போய்விட்டது.

பதினைந்துக்குப் பதினாலு. கோப்பை ராஜுவுக்கு.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஐயாவு டிரைவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்லாயி அழவும் இல்லை. நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் ஆறுதல் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் பதினஞ்சுல ஒண்ணு நான் குடுத்தது" என்றார் ஐயாவு ஒரு வழியாக.

"நீங்க கத்தலன்னா எனக்குப் பதினாலே வந்திருக்காதுப்பா."

"அதில்ல ஆயி…"

"பரவால்லப்பா. கப்போட வந்தாத்தான்னு பேசுனோம். வரல. முடிஞ்சுச்சு."

அவர் சொன்ன வார்த்தைதான். அதை அவள் இவ்வளவு நேர்மையாக வைத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். நீலச் சட்டையை எடுத்து மடிப்புக் கலையாமல் நல்லம்மாளிடம் கொண்டுபோனாள்.

"அத்த, இத வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

ஐயாவு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகளிடம் அப்படி ஒரு சட்டை இருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரியும். அன்று அவர் சோறு சாப்பிடவில்லை.

திங்கள்கிழமை வேலை முடிந்ததும் பாட்டரியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஆயர் தாவார் போனார். போட்டுவிட்டு எதிர்க்கடையில் உட்கார்ந்தார். கோப்பி குடித்து முடித்தார். எழுந்து வரவில்லை. மூன்று மணிக்குத் தவுக்கே கழற்றுவதற்காகப் பாட்டரி மேல் கை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"துங்கு, தவுக்கே" என்றார் ஐயாவு. "பெலும் பெனோ."

லிங் தவுக்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார். கடை அடைக்கிற வரைக்கும் ஐயாவு அங்கேயே இருந்துவிட்டு, பாட்டரியை விட்டுவிட்டு வெறும் சைக்கிளோடு வீட்டுக்கு வந்தார். மறுநாள் வேலை முடிந்து போய் அதை எடுத்துக்கொண்டு, பள்ளத்தில் எல்லாம் இறங்கி உருட்டி, மெதுவாக வந்து சேர்ந்தார்.

பொழுது சாய்ந்ததும் வயரைச் செருகினார். டிவி ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு மூலைக்கு மூலை, விளிம்புக்கு விளிம்பு, கண்ணாடி நிறையப் படம் வந்தது. செய்தி வாசிக்கிறவருடைய கழுத்துப்பட்டையில் புள்ளி போட்டிருப்பது தெரிந்தது. நல்லம்மாள் குழம்புக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

செல்லாயி வழக்கமான இடத்தில் உட்காரப் போனவள், நின்றுவிட்டாள். ஓர் அடி பின்னால் போனாள். இன்னும் ஓர் அடி. சுவரில் முதுகு இடிக்கிற வரைக்கும் போனாள்.

"நம்ம டிவி இவ்ளோ பெருசாப்பா?"

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

"பாரம் எங்க?" என்றார்.

"என்னா பாரம்?"

"டீச்சர் குடுத்த பாரம். எங்க வெச்ச?"

"நான் தோத்துட்டேனேப்பா."

"நீ எங்க தோத்த? அரை பாட்டரி தோத்துச்சு. அத கொண்டாந்தவன் நான்." சத்தமாகத்தான் சொன்னார். கருப்பம்மாளுக்கும், நல்லம்மாளுக்கும், வாசலில் கூடிவிட்ட பாதி லயத்துக்கும் கேட்டது. தோட்டமே அவரைக் கூப்பிட்டுச் சிரித்த பெயரை, அவர் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கருப்பம்மாள் அரிசி டின்னுக்கு அடியிலிருந்து பாரத்தை எடுத்து நீட்டினாள். அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லையாம். நல்லம்மாள் யாரும் கேட்காமலேயே போய் நீலச் சட்டையைக் கொண்டுவந்தாள். ஈப்போ பரிசுப் பேனாவால் ஐயாவு கையெழுத்துப் போட்டார். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் நிறுத்தி, நிதானமாக.

1982 ஜனவரியில் அவர் பெரிய ரோட்டில் நிற்க ஆரம்பித்தார். மண்டோரிடம் கேட்டு ரோட்டோரத்து மரங்களைத் தன் வெட்டுக்கு வாங்கிக்கொண்டார். விடியுமுன் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு, மகளைக் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய், பஸ் வருகிற வரைக்கும் சாலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் மாதம் ஒற்றைக் காலில் ஆடினார். பஸ்ஸைத் திட்டினார், டிரைவரின் பரம்பரையைத் திட்டினார். இரண்டாவது மாதம் ஒரு கல்லைக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்தார். பிறகு செல்லாயி அன்றைக்கு உள்ள மலாய்ப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிப்பாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் இப்போது அதற்கும் திட்டினார். மரம் வெட்ட நேரமாகிவிட்டதால் பால் எடுக்கவும் நேரமாகும். கோப்பை நிறைந்த பிறகே எடுத்துக்கொண்டு கடைசி ஆளாக ஸ்டோருக்கு வந்தார். நிறுவையைப் பார்த்த மண்டோர் முதலில் நம்பவில்லை.

ரிமூவும் ஐந்து படிவமுமாக ஆறு வருடம் அப்படிப் போனது. செல்லாயி 1988-இல் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். விரலின் வேகத்தைப் பார்த்து வக்கீலே வந்து நின்று வேடிக்கை பார்ப்பாராம். அதற்குள் தோட்டத்தில் பால்மரங்களில் பாதியைச் சாய்த்துச் செம்பனை நட்டிருந்தார்கள். லயத்துக்கும் நாள் முழுக்க எரிகிற கரண்ட் வந்துவிட்டது.

அந்த வருடத் தீபாவளிக்குச் செல்லாயி ஒரு வேனில் வந்து இறங்கினாள். கூடவே பெரிய அட்டைப் பெட்டி. இருபத்தாறு அங்குலக் கலர் டிவி. லயமே திரண்டு வந்து அதை இறக்கியது. சுவரில் செருகினார்கள், படம் பளிச்சென்று வந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஐயாவு போனார். பிள்ளை வாங்கி வந்ததை முதலில் யார் பார்ப்பது? நாற்காலியைக் கண்ணாடிக்கு ஒரு முழம் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலை இடதுக்கும் வலதுக்குமாகத் திரும்பியது.

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, மெதுவாகத்தான்.

"பின்னாடி தள்ளி உக்காருங்கப்பா. இது அந்த டிவி இல்ல."

ஐயாவு திரும்பிப் பார்த்தார். அவள் கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். அவள் நிற்கிற இடம் வரைக்கும் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.